அச்சில் வந்த தேதி

அந்தப் பெண் மேசையின்மேல் இரண்டு தீப்பெட்டிகளை வைத்தார். ஒன்றின்மேல் ‘எங்க பெட்டி’ என்று பேனாவால் எழுதியிருந்தது. மற்றதில் ‘தாசையன் பெட்டி’.

“ஒவ்வொண்ணுலயும் பன்னிரண்டு தேனீ இருக்கு. செத்ததுதான், பயப்படாண்டாம்.”

டாக்டர் நறுமுகை தீப்பெட்டிகளைத் தொடவில்லை. அருங்காட்சியகத்தின் புதைபடிவப் பூச்சிப் பிரிவுக்குப் பார்வையாளர்கள் வருவதில்லை. வருகிறவர்கள் பெரும்பாலும் டைனோசர் கூடத்துக்கு வழி தவறியவர்கள். இந்தப் பெண் முள்ளன்விளையிலிருந்து இரவு முழுவதும் பேருந்தில் உட்கார்ந்து, வாசல் காவலரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டு வந்திருந்தார்.

“நீங்கதானே சௌமிக்குப் பேரு வச்சது?”

“ஆமா.”

“நான் ரோஸ்லெட். ஏசுவடியானுக்க வீட்டுக்காரி.”

அந்தப் பெயர் மூன்று மாதமாகச் செய்திகளில் அடிபட்டுக்கொண்டிருந்தது. தை மாதம் ரப்பர் மரங்கள் புதுத்தளிர் விடும் சமயம், முள்ளன்விளை பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்த்தோப்பில் நாற்பது தேனீப் பெட்டிகள் இருந்தன. சாலை வேலைக்காக யாரோ ஜெனரேட்டரை இயக்கினார்கள்; அந்த அதிர்வில் தேனீக்கள் கிளம்பிக் கொட்டின. பதினோரு நிமிடத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள். ஆய்வுக்கூடம் இறந்த தேனீக்களைப் பரிசோதித்து, அவை ‘ஏப்பிஸ் சௌம்யா’ அல்ல, தடைசெய்யப்பட்ட ‘ஏப்பிஸ் அங்காரா’ என்று அறிக்கை கொடுத்தது. அதிகத் தேனுக்கு ஆசைப்பட்டுக் கள்ளத் தேனீயை எங்கிருந்தோ கடத்திவந்து வளர்த்தார் என்று பெட்டிகளின் சொந்தக்காரர் ஏசுவடியானைக் கைது செய்தார்கள்.

“செத்தவியள்ல ஒண்ணு அவருக்க சொந்த அக்கா. பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தாவ. சொந்த அக்காளக் கொல்லுதுக்கா இவரு கள்ளத் தேனீ வாங்கினாரு?” ரோஸ்லெட்டின் குரலில் அழுகை இல்லை. பலமுறை சொல்லித் தேய்ந்த வாக்கியம் அது. “தாசையன் எங்க பக்கத்து வீடு. அவரு கம்பெனி சீல் போட்ட பெட்டி வாங்கி ஆறு மாசம்தான் ஆச்சு. அதுலேந்து பன்னிரண்டு எடுத்தேன். எங்கதுலேந்து பன்னிரண்டு. ரெண்டும் ஒண்ணா, வேற வேறயான்னு நீங்க பாத்துச் சொல்லணும்.”

“ஆய்வுக்கூடம் பார்த்துட்டாங்களேம்மா.”

“அவிய எங்கத மட்டும்தானே பாத்தாவ.”

நறுமுகை அப்போதுதான் தீப்பெட்டியைக் கையில் எடுத்தார்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், மூடப்பட்ட ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் களிமண் அடுக்கிலிருந்து, ஒரு கல் வியாபாரி வழியாக அந்தத் தேனீ கிடைத்தது. தாள் தாளாகப் பிரியும் களிக்கல். உள்ளே, முதுகும் இறக்கைகளும் தெரிய, இரண்டு கோடி ஆண்டுப் பழமையான ஒரு வேலைக்காரத் தேனீ. நறுமுகை அதன் இறக்கை நரம்புகளை அளந்தார். மரப்பொந்திலும் பெட்டியிலும் குடியிருக்கும் அடுக்குத் தேனீயின் உறவு என்று வகைப்படுத்தினார். சாது என்ற பொருளில் சௌம்யா என்று பெயர் வைத்தார். அதே சமயத்தில் மைசூரில் சதானந்த ராவ் என்பவர், அதே சுரங்கத்தின் இன்னொரு கல்லில் இருந்த பெரிய தேனீ ஒன்றுக்கு அங்காரா என்று பெயர் வைத்தார். பாறையில் தொங்கி, ஆளைத் துரத்திக் கொட்டும் மலைத்தேனீயின் உறவு என்று அதை எழுதினார். உலகில் முப்பது பேர் இந்த இரண்டு கட்டுரைகளையும் படித்திருப்பார்கள். அதற்குப் பிறகு, கல்லில் பதிந்த உயிரை மீட்டெடுக்கும் இயந்திரம் வந்தது.

“எனக்கு ஒரு சந்தேகம், கேக்கட்டா?” ரோஸ்லெட் கேட்டார். “கல்லுக்குள்ள கிடந்ததுக்கு எப்படி உயிரு வந்திச்சு?”

“கல்லுல உயிர் இல்லம்மா, அச்சு மட்டும்தான்.” நறுமுகை நுண்ணோக்கியின் விளக்கைப் போட்டார். “ஒரு இறக்கையில நரம்பு எப்படி ஓடணும்னு உடம்புக்குள்ள எழுத்து மாதிரி ஒண்ணு இருக்கு. மெஷின் நரம்பைப் பார்த்து அந்த எழுத்தைக் கண்டுபிடிக்கும். இறக்கையோட எழுத்து தெரிஞ்சா காலோடது தெரியும். காலோடது தெரிஞ்சா கொடுக்கோடது. முழுசும் எழுதி முடிச்சு ஒரு முட்டைக்குள்ள வைப்பாங்க.”

“அப்ப பேரு எதுக்கு?”

“மெஷினுக்குப் பேரு வேண்டாம். சட்டத்துக்கு வேணும்.”

அதுதான் நடந்தது. நாட்டிலிருந்த வளர்ப்புத் தேனீக்கள் புழுநோயில் அழிந்து, பாகலும் பூசணியும் பூத்துக் காய்க்காமல் உதிர்ந்த ஆண்டுகளில் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. கல்லிலிருந்து எதை மீட்கலாம், எதை மீட்கக்கூடாது என்று இரண்டு பட்டியல். சாதுவான அடுக்குத் தேனீயின் உறவென்பதால் சௌம்யா அனுமதிப் பட்டியலில் ஏறியது. மலைத்தேனீயின் உறவென்பதால் அங்காரா தடைப் பட்டியலில். அதை வைத்திருந்தாலே பத்தாண்டு சிறை. நிறைகூடு என்ற நிறுவனம் நறுமுகையின் கல்லைப் படமெடுத்துச் சென்று, சௌம்யாவை மீட்டு, மூன்று தாலுகாக்களில் வீடுவீடாகப் பெட்டி வைத்தது. எட்டு ஆண்டுகளில் ஜனங்கள் அதைச் சௌமி என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

நறுமுகை ஏசுவடியானின் தேனீயை ஊசிமுனையில் எடுத்து மல்லாக்கப் போட்டார். கொடுக்கு நீளம். விஷப்பை அகலம். பின்னங்காலின் உள்பக்கம் ஐந்து வரிசை முள். ஆய்வுக்கூட அறிக்கையில் எழுதியிருந்தபடியே இருந்தது. ராவின் கட்டுரையில் அங்காராவுக்குச் சொல்லியிருந்தபடியே இருந்தது.

பிறகு தாசையனின் தேனீயை எடுத்தார். அதே கொடுக்கு. அதே ஐந்து வரிசை.

பன்னிரண்டையும் பார்த்தார். எழுந்து போய்ப் பின்னறை அலமாரியைத் திறந்தார். நிறைகூடு நிறுவனம் முதல் ஆண்டில் மரியாதைக்காகக் கொடுத்த ஆறு தேனீக்கள் அங்கே ஊசியில் குத்தப்பட்டிருந்தன. ‘மீட்கப்பட்ட முதல் சௌம்யாக்கள்’ என்று அவர் கையெழுத்திலேயே சீட்டு. எட்டு ஆண்டுகளாக அவற்றை அவர் ஒருமுறைகூடப் புரட்டிப் பார்த்ததில்லை. அவருடைய கல்லில் முதுகு மட்டுமே இருந்தது. அதனால் அவருடைய விவரிப்பில் முதுகு மட்டுமே இருந்தது. ஒப்பிட்டபோதெல்லாம் முதுகைத்தான் ஒப்பிட்டார்.

புரட்டினார்.

“என்ன டாக்டரம்மா? வேற வேறயா?”

“ஒண்ணுதான்,” என்றார் நறுமுகை. “எல்லாம் ஒண்ணுதான்.”

ராவின் விவரிப்பில்தான் வயிற்றுப்பக்கம் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் கொடுக்கைப் பார்த்தவர்களுக்கு ஒப்பிட அங்காராவைத் தவிர வேறு எதுவும் இல்லை. சட்டத்தின் கண்ணில், குப்புறக் கிடந்தால் அது சௌம்யா. மல்லாந்தால் அங்காரா.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஆறு தேனீக்களையும் கொண்டுவந்து கொடுத்த நிறுவனத்தின் விஞ்ஞானி பெருமையோடு சிரித்தார்: “உங்க அளவைவிட ஒரு சுத்துப் பெருசாவே வந்திருக்கு மேடம். நல்ல தீனி!” நறுமுகையும் சிரித்தார். தீனி என்றே எண்ணினார். அப்படி எண்ணுவது வசதியாக இருந்தது.

“இது இங்கயே இருக்கட்டும்மா,” என்று தீப்பெட்டிகளை எடுத்துவைத்தார். “சாட்சியம் ஆகணும்னா பதிவேட்டுல ஏத்தணும்.”

“திருப்பித் தருவியளா?”

“கேஸ் முடிஞ்சதும்.”

மைசூருக்கு அவர் ரயிலில் போனார். கல்லைப் பஞ்சுப் பெட்டியில் வைத்து, எட்டு மணிநேரமும் மடியிலிருந்து இறக்கவில்லை. ராவ் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய மின்னஞ்சல் நறுமுகைக்கு வரிவரியாக நினைவிருந்தது: ‘உங்கள் கல்லை ஒருமுறை பார்க்கலாமா? என்னுடையதைக் கொண்டுவருகிறேன்.’ அப்போது யார் முதலில் வெளியிடுவது என்ற ஓட்டம். கட்டுரை வந்தபின் பதில் போடலாம் என்று தள்ளிப்போட்டார். கட்டுரை வந்தது. பதில் போகவில்லை.

ராவ் வேலை பார்த்த காட்சியகத்தின் காப்பாளர், இளவயதுக்காரர், அங்காராவின் கல்லை வெளியே எடுத்து வைத்தார். அதன்மேல் பழைய வார்னிஷ் மஞ்சளித்திருந்தது. கல் வியாபாரிகள் பளபளப்புக்காகப் பூசுவது.

நறுமுகை தன்னுடைய கல்லை அதன் பக்கத்தில் வைத்தார். நெடுநேரம் பார்க்கத் தேவைப்படவில்லை. ஒரு கல்லின் ஓரத்தில் இலைத்துண்டு ஒன்றின் பாதி இருந்தது. மற்றதன் ஓரத்தில், கண்ணாடியில் தெரிவதுபோல், அதே இலை. இடது நடுக்காலின் தொடை இங்கே. பாதம் அங்கே. வியாபாரி களிக்கல்லைப் பிளந்திருக்கிறார். முதுகு ஒட்டிய பாதியைச் சென்னைக்கும், வயிறு ஒட்டிய பாதியை மைசூருக்கும் விற்றிருக்கிறார்.

“ஆனா அளவு சேரலையே மேடம்?” காப்பாளர் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப் பார்த்தார். “உங்களுது சின்னதா இருக்கு.”

“சுருங்கிடுச்சு.”

“கல்லா?”

“இது கல் இல்ல. இறுகின களிமண். ஈரத்தோட வெட்டி எடுத்தது. உங்களுதை வார்னிஷ் காப்பாத்திடுச்சு. என்னோடதை நான் அலமாரியில ஈரம் உறிஞ்சுற பொட்டலம் நாலு போட்டுப் பூட்டிவச்சேன். விதிப்படி. மூணு மாசம் கழிச்சு எடுத்து அளந்தேன்.” அவர் விரல் சிறிய தேனீயின் இறக்கையை நெருங்கித் தொடாமல் நின்றது. “எட்டுல ஒரு பங்கு சுருங்கியிருக்கு. அந்த எட்டுல ஒரு பங்குதான் மலைத்தேனீயை அடுக்குத் தேனீயாக்கிடுச்சு.”

இயந்திரம் ஏமாறவில்லை. நரம்புகள் ஒன்றுக்கொன்று எந்த விகிதத்தில் ஓடின என்று பார்த்து, உண்மையான தேனீயை அதன் உண்மையான அளவிலேயே எழுதிவிட்டது. ஏமாந்தது பெயர் வைத்தவர் மட்டும்தான்.

ஏசுவடியானின் வழக்கறிஞர் ஷாகுல் ஹமீது தொலைபேசியில் இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார்.

“ஒரே தேனீக்கு ரெண்டு பேரு. அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

“அப்ப எந்தப் பேரு நிக்கும் மேடம்?”

“மூத்தது. முதல்ல வெளிவந்தது எதுவோ அது செல்லும். பின்னால வந்தது செல்லாது. உலகம் முழுக்க அதான் விதி.”

“மூத்தது எது?”

“என்னோடது. டிசம்பர். ராவோடது ஜனவரி இருபத்திரண்டு.”

மறுமுனையில் ஷாகுல் எதையோ கையால் தட்டும் சத்தம் கேட்டது. “முடிஞ்சது மேடம்! அங்காரான்னு ஒரு தேனீயே கிடையாது. இல்லாத ஒண்ணை வளத்தான்னு ஒருத்தனை எப்படி உள்ள வைப்பாங்க? அவன் வளத்தது சௌமி. கம்பெனி வித்த சௌமி. ஒன்பது பேரு சாவுக்கும் இனி கம்பெனிதான் பதில் சொல்லணும்.”

சாட்சியத்துக்கு இரண்டு நாள் முன்பு, கட்டுரை வந்த இதழின் மூலப்பிரதியை எடுக்க நறுமுகை அருங்காட்சியக நூலகத்துக்குப் போனார். இதழின் அட்டையில் டிசம்பர் என்று இருந்தது. அருங்காட்சியகத்தின் இதழ் எப்போதும் டிசம்பர் இதழ்தான். எப்போதும் அச்சகத்திலிருந்து தாமதமாகத்தான் வரும். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அது ஒரு கேலி. ‘நம்ம டிசம்பர் மழைக்காலத்துல வராது, மாம்பழக் காலத்துல வரும்’ என்பார்கள்.

அட்டையைத் திருப்பினார். உள்பக்கம் நூலகத்தின் ஊதா முத்திரை. ‘அச்சகத்திலிருந்து பெறப்பட்ட நாள்: பிப்ரவரி 9’. கீழே பெற்றுக்கொண்டவர் கையெழுத்து. அவருடையதே. அன்று ஆவலில் நூலகரை முந்திக்கொண்டு கட்டைப் பிரித்தது அவர்தான்.

அட்டையில் போட்ட தேதி தேதியல்ல. அச்சாகி வெளிவந்த தேதியே தேதி. அந்த விதியை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்தவர் அவர். ராவ் பதினெட்டு நாள் மூத்தவர்.

நீதிமன்ற வராந்தாவில் ஷாகுலிடம் அதைச் சொன்னார். ஷாகுல் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

“யாருக்குத் தெரியும் இது?”

“எனக்கு. இப்ப உங்களுக்கு.”

“அட்டையில டிசம்பர்னு இருக்கு. நான் அட்டையைக் காட்டுறேன். ஒரு பூச்சி ஆபீஸ் நூலகத்துல என்ன முத்திரை இருக்குன்னு எவன் போய்ப் பாக்கப்போறான்?”

“கேட்டா சொல்லுவேன்.”

“மேடம், ஒரே ஒரு தாள். கரையான் அரிச்சிடுச்சுன்னா முடிஞ்சது.” குரலைத் தாழ்த்தினார். “உள்ள நிக்கிறவன் பத்து வருஷம் மேடம்.”

நறுமுகை இதழைப் பைக்குள் வைத்தார். “ரெண்டு கல்லும் ஒண்ணுன்னு நான் சொன்னா இவங்க ஏன் நம்பணும்? அந்தப் பதிவேட்டை நான் வச்சிருக்கேங்கிறதாலதான். அதுல நாற்பதாயிரம் உயிரினத்தோட பேரு இருக்கு ஷாகுல். ஒரு தேதியில கைவச்சா, மிச்சத்தையும் யாரும் நம்பவேண்டியதில்ல.”

“சரி, கேக்கமாட்டாங்கன்னு வேண்டிக்குவோம்,” என்றார் ஷாகுல்.

நீதிமன்றம் சிறியது. மீட்டெடுத்த உயிரினங்களுக்கான சிறப்பு மன்றம் என்று பலகை புதிதாக இருந்தது. ஏசுவடியான் கூண்டில் நின்றார். நறுமுகை அவரை அன்றுதான் பார்த்தார். நெட்டையான மனிதர். இடது காதுமடலில் பழைய கொட்டுத் தழும்பு. நறுமுகை இரண்டு கல்லையும் மேசைமேல் வைத்து, இலையையும் காலையும் காட்டி, களிமண் சுருங்கியதைச் சொன்னார். தன் தவறு என்பதையும் சொன்னார். நீதிபதி எழுந்து வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தார். ரோஸ்லெட் கடைசி பெஞ்சில் கண்ணை மூடியிருந்தார்.

வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்ந்திருந்த நிறைகூடு நிறுவனத்தின் வழக்கறிஞர் கோதண்டபாணி எழுந்தபோது, கல்லைப் பற்றிச் சண்டை போடுவார் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் சண்டை போடவில்லை.

“ரொம்பத் தெளிவா சொன்னீங்க மேடம். நாங்க முழுசா ஏத்துக்கறோம். ரெண்டும் ஒண்ணுதான்.” சிரித்தார். நல்ல மனிதரின் சிரிப்பு. “ஒரே ஒரு விஷயம். இதழோட அட்டையில டிசம்பர்னு இருக்கு. அச்சாகி வந்தது எப்போ?”

ஷாகுல் எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி கையமர்த்தினார்.

நறுமுகை ரோஸ்லெட்டைப் பார்த்தார். ரோஸ்லெட் கண்ணைத் திறந்திருந்தார்.

“பிப்ரவரி ஒன்பது.”

“ராவ் அவர்களோட கட்டுரை?”

“ஜனவரி இருபத்திரண்டு.”

“அப்ப செல்லுபடியாகுற பேரு?”

“அங்காரா.”

“நன்றி மேடம். சௌம்யாங்கற பேரு?”

“செல்லாது.”

ஷாகுல் கையிலிருந்த பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

தீர்ப்பு பத்தே பக்கம். ஏசுவடியான் வளர்த்தது ஏப்பிஸ் அங்காரா என்பது அறிவியல்படி உறுதியாகிறது. தெரியாமல் வளர்த்தார் என்பது தண்டனையைக் குறைக்குமே தவிர நீக்காது. ஆறு ஆண்டு. நிறைகூடு நிறுவனம் பெற்ற உரிமம், அதில் கொடுத்த உறுதிமொழிகள், ஏற்ற பொறுப்புகள் யாவும் சௌம்யா என்ற இனத்துக்கானவை. அப்படி ஓர் இனம் இல்லையென்பதால் அவையும் இல்லை. பட்டியலைத் தயாரித்தது அரசு; நிறுவனம் நம்பி நடந்தது. கடைசிப் பத்தியில், மூன்று தாலுகாக்களிலும் இருக்கும் தடைசெய்யப்பட்ட தேனீக்களை முப்பது நாளுக்குள் அழிக்க உத்தரவு.

வெளியே, படிக்கட்டில் ரோஸ்லெட் நின்றிருந்தார். நறுமுகை அருகில் போனார். போகாமல் இருக்க முடியவில்லை.

“நீங்க பொய் சொல்லியிருக்கலாம்,” என்றார் ரோஸ்லெட்.

“ஆமா.”

“அவன் கேக்கும்போ நான் ஜெபிச்சேன். கர்த்தாவே, இந்தம்மா பொய் சொல்லணும்னு. இதுவரைக்கும் அப்படி ஒரு ஜெபம் நான் பண்ணினதில்ல.” சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

எரிப்பதைப் பார்க்க நறுமுகை முள்ளன்விளைக்குப் போனார். யாரும் கூப்பிடவில்லை. தேவாலய மைதானத்தில் பெட்டிகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட ஊழியர்கள் வாசல் துளைகளைக் களிமண்ணால் அடைத்தார்கள். களிமண் காய்வதற்குள் மண்ணெண்ணெய். அவரைக் கண்டுகொண்ட ஒருவர் சத்தமாகச் சொன்னார்: “பேரு வச்சவிய வந்திருக்காவ. வழி விடுங்கடே, பிள்ளைக்க முகம் பாக்கட்டு.”

தாசையன் தன் பெட்டிகளுக்குத் தானே தீ வைத்தார். புதிய பெட்டிகள், சீல்கூட மங்காதவை. “நேத்து சாயங்காலம் வரைக்கும் என் பிள்ளையள் இதுக்கு முன்னால இருந்துதான் படிச்சாவ,” என்றார் யாரிடமுமில்லாமல். “ஒண்ணும் செய்யல்ல. ராத்திரியோட ராத்திரியா அதுக்கு விஷம் வந்துட்டா?”

பக்கத்தில் நின்ற பெண் ஒருவர் மெல்லிய குரலில் பதில் சொன்னார். இறந்த ஒன்பது பேரில் ஒருவராகத் தன் கணவரைப் பறிகொடுத்தவர். “எனக்கு இது எரியுதது போதும் மாமா. என்ன பேரு வச்சு எரிச்சாலும் சரி.”

இருவரும் சொன்னது சரியாக இருந்தது. மெழுகு உருகி ஓடிய வாசனை நறுமுகையின் உடுப்பில் ஒரு வாரம் இருந்தது. அடுத்த பருவத்தில் பாகல் பந்தல்களின் கீழே பெண்கள் பெயின்ட் பிரஷ்ஷோடு நின்று ஒவ்வொரு பூவாக மகரந்தம் தடவினார்கள். பெரும்பாலான பந்தல்களை அதற்கடுத்த பருவத்தில் பிரித்துவிட்டார்கள்.

செய்ய ஒரு வழி பாக்கியிருந்தது. பெயர்களுக்கான உலகக் குழு ஒன்று உண்டு. மூத்த பெயரால் பெருங்குழப்பம் வருமென்றால், இளைய பெயரையே நிலைநிறுத்த அந்தக் குழுவுக்கு அதிகாரம் இருக்கிறது. நறுமுகை மனு எழுதினார். எட்டு ஆண்டு ஜனங்கள் சௌமி என்று அழைத்ததை எழுதினார். ஒரு மனிதர் சிறையில் இருப்பதை எழுதினார். குழுவின் செயலாளர் மரியாதையாகப் பதில் போட்டார்: அறிவியல் சாராத காரணங்களை நீக்கி மனுவைத் திருத்தி அனுப்பவும். திருத்தினார். கருத்துக் கேட்பு ஓராண்டு. மறுப்புகள் ஓராண்டு. வாக்கெடுப்பு. இதற்கிடையே அவர் ஓய்வுபெற்றார். பிரிவுக்கு ஆள் போடாததால் சம்பளமில்லாமல் வந்துபோனார்.

நான்காவது ஆண்டில் முடிவு வந்தது. ஏப்பிஸ் சௌம்யா என்ற பெயர் செல்லும். ஏப்பிஸ் அங்காரா செல்லாது.

ஷாகுல் அந்த ஒற்றைத் தாளை வைத்து மேல்முறையீடு செய்தார். இல்லாத இனத்தை வளர்த்த குற்றத்துக்காகச் சிறையில் இருந்தது போதும் என்று இரண்டு ஆண்டு மீதமிருக்கும்போது ஏசுவடியானை விட்டார்கள். நிறைகூடு நிறுவனம் அதற்கு முன்பே வேறு பெயரில், வேறு மாநிலத்தில், வேறு ஒரு கல்லோடு இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கணவனும் மனைவியும் அருங்காட்சியகத்துக்கு வந்தார்கள். ஏசுவடியான் மெலிந்திருந்தார். உட்காரச் சொன்னபோதும் நின்றார்.

“அந்தக் கல்ல ஒருக்கா பாக்கணும்.”

மைசூர் பாதியும் இப்போது இங்கேதான் இருந்தது. நறுமுகை இரண்டையும் வெளியே எடுத்து வைத்தார். ஏசுவடியான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். சிறையில் பழகிய நிற்பு அது.

“இப்ப இதுக்க பேரு என்ன?”

“சௌம்யா.”

“நான் உள்ள போவும்போ?”

“அங்காரா.”

“அதுக்கு முன்ன?”

“சௌம்யான்னு நினைச்சுட்டிருந்தோம்.”

அவர் மூக்கால் சிரித்தார். “கல்லு கிடந்த இடத்துலயே கிடக்கு. நமக்குத்தான் ஓட்டம்.” கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது தேன் எடுத்துட்டுத் திரும்பி வரும்போ செத்தது. பின்னங்கால்ல பாருங்க, மகரந்தம் உருண்டையா இருக்கு. வீட்டுக்குப் போற வழி.”

நறுமுகை குனிந்து பார்த்தார். பதினெட்டு ஆண்டுகளாக அதைக் களிமண் குமிழ் என்றே அவர் எழுதிவைத்திருந்தார்.

ரோஸ்லெட் முன்னால் வந்தார். “அந்தத் தீப்பெட்டி ரெண்டும் தாறேன்னு சொன்னியளே. கேஸ் முடிஞ்சதும்.”

நறுமுகை இழுப்பறையைத் திறந்தார். இருபத்துநான்கு தேனீக்களும் தனித்தனி ஊசியில், தனித்தனி எண்ணோடு இருந்தன. தீப்பெட்டிகள் காலியாக ஓரத்தில். “பதிவாயிடுச்சும்மா. இதையும் அந்த ஆறையும் விட்டா உலகத்துல வேற கிடையாது. வெளிய கொடுக்க எனக்கு...” நிறுத்திக்கொண்டார். ஒரு தாளைக் கிழிக்க மறுத்த அதே வாய். பிறகு ‘எங்க பெட்டி’ வரிசையிலிருந்து ஒரு ஊசியை உருவினார்.

“வேண்டாம்,” என்றார் ஏசுவடியான். “எனக்க அக்காளக் கொன்னதுதானே. இங்கயே இருக்கட்டு.”

ரோஸ்லெட் காலித் தீப்பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அவர்கள் போனபின் நறுமுகை ஊசியை இருந்த இடத்திலேயே குத்தினார். பதிவேட்டை எடுத்து ஏப்பிஸ் சௌம்யாவின் பக்கத்தைத் திறந்தார். பெயருக்கு எதிரே, செல்லுபடியாகும் நாள் என்ற கட்டத்தில், குழுவின் முடிவு அச்சில் வந்த தேதியை எழுதினார். போன மாதம் பன்னிரண்டு. அடுத்த கட்டம், இனத்தின் நிலை. முதலில் ‘அழிந்தது’ என்று எழுதி, தேனீ மீண்டபோது அடித்து ‘வாழ்கிறது’ என்று எழுதியிருந்தார். இப்போது அதையும் அடித்து, ‘அழிந்தது’ என்று எழுதி, முள்ளன்விளை மைதானத்தில் கடைசிப் பெட்டி எரிந்த நாளைப் பக்கத்தில் குறித்தார்.

மை காயும்வரை இரண்டு தேதிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் சரியான தேதிகள். நடுவில் நான்கு ஆண்டு; அழிந்தது முந்தி, பெயர் பிந்தி. பதிவேட்டின்படி, சௌம்யா என்ற தேனீ ஒரு நாள்கூட உயிரோடு இருந்ததில்லை.